கப்பல் நிற்கும் ஊர் வேறு, பார்க்கப் போகும் ஊர் வேறு: கரை இறங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கத்தில் இருந்து கப்பல் சுற்றுலா போகிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். திருச்சியில் விமானம் ஏறி சிங்கப்பூரில் இறங்குகிறார்கள். அங்கிருந்து கப்பலில் மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் என்று ஒரு வாரம், பத்து நாள். எந்தத் துறைமுகத்தில் இறங்கி எங்கே போகலாம் என்று இப்படிப்பட்ட குடும்பங்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலை. முதல்முறை போகிறவர்கள் தாங்களே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். ஆரம்பத்தில் நாங்கள் போட்ட அதே திட்டம் அதே ஓட்டைகளோடு அதில் இருக்கும். அரையாண்டு விடுமுறைக்குப் பதிவு செய்தவர்களின் தாள்களைப் பார்த்த பிறகு, இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

தொப்பி, தண்ணீர் பாட்டில், வசதியான செருப்பு பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அது உங்களுக்கே தெரியும்.

காலை 8 முதல் மாலை 6 வரை என்றால் 10 மணி நேரம் என்று கணக்குப் போடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் வரவைக்கும் தவறு இதுதான். பணமும் அதிகமாகப் போவது இதில்தான்.

பயண அட்டவணையில் 'பாங்காக்' என்று பெரிதாகப் போட்டு, பக்கத்தில் சின்னதாக 'லேம் சாபாங்' என்று அச்சடித்திருப்பார்கள். பெரிய கப்பல்கள் நிற்பது லேம் சாபாங்கில். அங்கிருந்து பாங்காக் கிட்டத்தட்ட 120, 130 கிலோமீட்டர். மதுரைக்கும் திருச்சிக்கும் உள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் மாட்டுத்தாவணியில் கிளம்பி, மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் மூன்றையும் பார்த்து, சாப்பிட்டு, துணியும் வாங்கிக்கொண்டு மாலை 4 மணிக்குத் திரும்ப மாட்டுத்தாவணியில் இருப்பேன் என்று நம்மில் யாராவது சொல்வோமா? பாங்காக் என்றதும் சொல்லிவிடுகிறார்கள்.

கணக்கைச் சரியாகப் போட்டுப் பாருங்கள். கப்பல் 8 மணிக்குக் கரை சேர்கிறது. குடியேற்ற அதிகாரிகளின் அனுமதி வந்து, வரிசையில் நின்று, இறங்கி, வண்டியைக் கண்டுபிடித்து உட்காரும்போது 8.45 ஆகிவிடும். கூட்டம் இருந்தால் 9. சாலை சும்மா கிடந்தாலும் இரண்டு மணி நேரம். ஆக, 11 மணிக்குத்தான் கிராண்ட் பேலஸ் வாசலில் நிற்பீர்கள். இப்போது கடைசியில் இருந்து பின்னால் வாருங்கள். 6 மணிக்குக் கிளம்பும் கப்பலில் 5.30 மணிக்கோ 5 மணிக்கோ எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். வழியில் நெரிசல் இருக்கும் என்று வைத்து 4 மணிக்குத் துறைமுகத்தில் இருப்பதாகத் திட்டமிட வேண்டும். அப்படியானால் பாங்காக்கை விட்டு 1.30 மணிக்குக் கிளம்ப வேண்டும். உங்கள் கையில் இருப்பது இரண்டரை மணி நேரம். 10 அல்ல.

அந்த இரண்டரை மணி நேரத்தில் கிராண்ட் பேலஸையும் உள்ளே இருக்கும் மரகத புத்தர் கோயிலையும் அவசரம் இல்லாமல் பார்க்கலாம். ஓடிப் போய் வாட் போவில் 46 மீட்டர் நீளத்தில் சாய்ந்து கிடக்கும் புத்தரையும் பார்க்கலாம். அவ்வளவுதான். ஆற்றைத் தாண்டி வாட் அருண், அப்புறம் படகுச் சவாரி, அப்புறம் ஷாப்பிங் மால் என்று தாளில் இருப்பதெல்லாம் நடக்காது. மதியம் சைவச் சாப்பாடு தேடப் போனால் அதில் ஒரு மணி நேரம் போய்விடும். அரண்மனைக்குப் பக்கத்தில் ஒருவர் வந்து, "இன்று மூடியிருக்கிறது, நான் வேறு இடம் கூட்டிப் போகிறேன்" என்று டுக்டுக்கில் ஏற்றி நகைக்கல் கடையில் இறக்கிவிடுவது அந்த ஊரில் நெடுங்காலமாக நடக்கும் ஏமாற்று. நேரம் குறைவாக உள்ளவர்கள்தான் அதில் சுலபமாகச் சிக்குகிறார்கள்.

கே.கே. நகர் பக்கத்துக் குடும்பம் ஒன்று. கணவன், மனைவி, கல்லூரி படிக்கும் மகள், மனைவியின் அம்மா. தாளை என்னிடம் காட்டியபோது, "அண்ணே, பாங்காக் வேண்டாம், பட்டாயாவோடு நிறுத்திக்கோங்க" என்று சொன்னேன். "என்ன தம்பி, பத்து மணி நேரம் இருக்கே! வேன்காரன் எல்லாத்தையும் காட்டிடுறேன்னு சொல்றான்" என்றார். ஊரில் ஒரு ஏஜென்ட் மூலமாக வேனைப் பேசி, முழுப் பணத்தையும் கட்டிவிட்டிருந்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை. மதியத்துக்குப் பிறகு பாங்காக்கில் இருந்து கடற்கரைப் பக்கம் வார விடுமுறைக்குப் போகும் வண்டிகள் எல்லாம் அதே சாலையில். இவர்கள் துணிக்கடையை விட்டுக் கிளம்பும்போதே 3 மணி ஆகியிருக்கிறது. துறைமுகத்துக்கு வந்தபோது கப்பல் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

"நாலு பேருக்காக அரை மணி நேரம் நிற்கக் கூடாதா?" என்று பிறகு என்னிடம் ஆற்றாமையோடு கேட்டார். நிற்காது. கப்பலை வெளியே கொண்டுபோகும் பைலட், இழுவைப் படகு, அந்த இடத்துக்கு அடுத்து வர வேண்டிய கப்பல் எல்லாமே நேரம் குறித்து வைத்தவை. உள்ளே இரண்டாயிரம் மூவாயிரம் பேர் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு வருவதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. அடுத்த துறைமுகத்துக்குப் பறந்துபோய்க் கப்பலைப் பிடித்துக்கொள்ளலாம் என்பது சில நாட்டுப் பாஸ்போர்ட்டுகளுக்குச் சுலபம். நமக்கு அப்படி இல்லை. அவர்களுக்கு அடுத்த நிறுத்தம் வியட்நாம். இ-விசாவில் நுழையும் இடமாகக் கப்பல் துறைமுகத்தை எழுதியிருந்தார்கள். விமான நிலையத்தில் போய் இறங்கினால் கேள்வி வரும். பாஸ்போர்ட்டைக் கப்பல் ஊழியர்கள், இவர்கள் தங்கிய அறையில் இருந்து எடுத்துத் துறைமுக ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள், அது ஒரு நல்ல காரியம். ஆனால் பாட்டியின் பிரஷர் மாத்திரை, மாற்றுத் துணி எல்லாம் கப்பலில். கடைசியில் பாங்காக்கில் இருந்து சென்னைக்கு டிக்கெட் எடுத்து வீடு திரும்பினார்கள். மீதி நாட்களுக்குக் கட்டிய பணத்தில் ஒரு ரூபாய் திரும்பவில்லை. தன் விருப்பப்படி வெளியே போய் நேரம் தவறியதற்கு இன்ஷூரன்ஸும் தரவில்லை. வேனைப் பேசிக்கொடுத்த ஏஜென்ட், "டிராஃபிக்குக்கு நாங்க என்ன சார் பண்றது?" என்று முடித்துக்கொண்டார்.

சரி, என்ன செய்வது?

துறைமுகம் தூரமாக இருந்தால் கப்பல் கம்பெனியே நடத்தும் டூரில் போங்கள். விலை அதிகம், ஒத்துக்கொள்கிறேன்; நாலு பேர் கொண்ட குடும்பத்துக்குக் கணிசமாகவே வரும். ஆனால் அவர்கள் டூர் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லாவிட்டால் உங்களை அடுத்த துறைமுகத்தில் கொண்டுசேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் அதற்குத்தான்.

இன்னொரு வழி எனக்கு அதைவிடப் பிடிக்கும்: அன்றைக்குப் பாங்காக்கையே விட்டுவிடுங்கள். லேம் சாபாங்கில் இருந்து பட்டாயா 25, 30 கிலோமீட்டருக்குள். அதன் வடக்கே கடலோரத்தில் 'சாங்சுவரி ஆஃப் ட்ரூத்' என்று முழுக்க மரத்தால் ஆன பிரமாண்டமான கட்டடம் இருக்கிறது. 1981இல் ஆரம்பித்த வேலை. செதுக்குவது இன்னும் நிற்கவில்லை. மீனாட்சி அம்மன் கோயில் தூண்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் அந்த மரச் சிற்பங்களின் முன்னால் நெடுநேரம் நின்றுவிடுவார்கள். மதியம் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக் கப்பலுக்குத் திரும்பலாம். பாங்காக்குக்குத் தனியாக நாலு நாள் ஒதுக்கி விமானத்தில் போங்கள். அந்த ஊருக்கு அதுதான் மரியாதை.

போர்ட் கிளாங்கில் இறங்கி பத்துமலையும் இரட்டைக் கோபுரமும்

நம் ஆட்கள் எல்லோர் தாளிலும் பத்துமலை முருகன் இருப்பார். இருக்கட்டும். 2006இல் திறந்த 42.7 மீட்டர் உயரச் சிலையையும் 272 படிகளையும் பார்க்காமல் எப்படி வருவது? ஆனால் கோலாலம்பூருக்கு வரும் கப்பல் நிற்பது போர்ட் கிளாங்கில், புலாவ் இண்டா தீவில் உள்ள முனையத்தில். அங்கிருந்து பத்துமலைக்குக் காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல். நகரத்து நெரிசல் தனி. ரயிலில் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். கிளாங் துறைமுக ரயில் நிலையம் முனையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் இல்லை. அங்கே டாக்ஸியில் போய், ரயில் ஏறி, கோலாலம்பூரில் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் வேறு ரயில் மாற வேண்டும். கப்பலில் வருபவருக்கு அது தோதுப்படாது.

பத்துமலை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு காலையிலேயே ஏறிவிடுங்கள், வெயில் ஏறினால் பெரியவர்களுக்கு முடியாது. படி ஏற முடியாதவர்களுக்குக் கீழேயே ராமாயணக் குகை இருக்கிறது. தைப்பூசத்தை ஒட்டிக் கப்பல் வந்தால், கூட்டத்துக்குத் தயாராக இருந்தால் மட்டும் போங்கள். இரட்டைக் கோபுரத்தைப் போகிற வழியில் காரில் இருந்து பார்த்தால் போதும். மேலே ஏறும் டிக்கெட்டுக்கு என்று நேரம் ஒதுக்கினால் மறுபடி அதே கதைதான்.

கோலாலம்பூர் ஏற்கெனவே பார்த்தவர்கள் கிளாங் ஊரிலேயே தெங்கு கெலானா சாலையில் உள்ள லிட்டில் இந்தியாவுக்குப் போகலாம். பூக்கடை, புடவைக்கடை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் உண்டு; தமிழிலேயே பேசலாம்.

ஃபூ மியில் இருந்து சைகோன், அதற்கு மேல் கு சி சுரங்கம்

ஃபூ மி வியட்நாமில் கப்பல் நிற்கும் துறைமுகம். அங்கிருந்து ஹோ சி மின் நகரம், அதாவது பழைய சைகோன், 70 கிலோமீட்டர் சொச்சம். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். போர்க்காலத்தில் தோண்டிய கு சி சுரங்கங்கள் நகரத்தைத் தாண்டி வடமேற்கே இன்னும் அவ்வளவு தூரம். இரண்டையும் ஒரே நாளில் போட்டால் நாள் முழுக்க பஸ்ஸில் இருப்பீர்கள்.

நகரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பென் தான் சந்தைக்குப் பக்கத்தில், துரோங் தின் தெருவில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. இன்று அங்கே ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறவர்களில் பெரும்பாலானோர் வியட்நாம்காரர்கள். காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் ஒரு காலத்தில் இந்த ஊரில் கொடுக்கல் வாங்கல் நடத்தியவர்கள். அவர்களுடைய தெண்டாயுதபாணி கோயிலும் அங்கே உண்டு. தாத்தா சைகோனில் இருந்தார் என்று சொல்லும் குடும்பங்கள் செட்டிநாட்டில் இன்னும் இருக்கின்றன. அவர்கள் சுரங்கத்தை விட்டுவிட்டு இங்கே ஒரு மணி நேரம் உட்காரலாம்.

ஹாலோங் வளைகுடாவில் நின்றுகொண்டு ஹனோய்க்குப் போவது

1994இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய வளைகுடாவிலேயே கப்பல் நிற்கிறது. சுற்றிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுண்ணாம்புப் பாறைத் தீவுகள். அதை விட்டுவிட்டு இரண்டரை மணி நேரம் போக, இரண்டரை மணி நேரம் வர ஏன் போகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. ஒரு படகு எடுத்துத் தீவுகளுக்குள் போங்கள்.

சிஹனூக்வில்லில் இறங்கி அங்கோர் வாட்

முடியாது. இரண்டும் கம்போடியாவில்தான், ஆனால் சாலை வழியே 500 கிலோமீட்டருக்கு மேல்.

கைபேசி காட்டும் நேரத்தை நம்புவது

சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். தாய்லாந்தும் வியட்நாமும் ஒன்றரை மணி நேரம் முன்னால். கரையில் இறங்கியதும் கைபேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தால், உங்கள் கைபேசி 4.30 என்று காட்டும்போது கப்பலில் 5.30. ஒரு மணி நேரம் கையில் இருப்பதாக நினைத்து இளநீர் குடித்துக்கொண்டிருப்பீர்கள்.

சில கப்பல்கள் நேரத்தை மாற்றும், சில மாற்றாது. கப்பலை விட்டு இறங்கும் வாசலில் திரும்ப வேண்டிய நேரத்தைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழுவில் ஒருவராவது சாதாரணக் கைக்கடிகாரம் கட்டி, அதில் கப்பல் நேரத்தை வைத்துக்கொள்ளட்டும்.

கடலில் போகும்போது ரோமிங்கைத் திறந்து வைத்திருப்பது

கப்பல் நெட்வொர்க்கில் தானாகச் சேர்ந்து பில் ஏறும். விமான முறையில் போட்டுவிடுங்கள்.

டெண்டர் படகை மறந்துவிடுவது

தாய்லாந்தின் கோ சாமுய், வியட்நாமின் நா டிராங் போன்ற இடங்களில் கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்பதுண்டு. சின்னப் படகில்தான் கரைக்குப் போக வேண்டும். டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும். கப்பல் டூரில் போகிறவர்களை முதலில் அனுப்புவார்கள். போக வர இரண்டும் சேர்த்து ஒன்றரை மணி நேரமாவது இதில் கழிந்துவிடும். நீங்கள் திரும்ப வேண்டிய நேரம் கடைசிப் படகின் நேரம். கப்பல் கிளம்பும் நேரம் இல்லை.

அலை இருந்தால் படகு மேலும் கீழும் ஆடும், அதில் காலை மாற்றி வைத்து ஏற வேண்டும். முட்டி வலி உள்ள பெரியவர்களை இதைச் சொல்லாமல் கூட்டிப் போகாதீர்கள். நவம்பர், டிசம்பரில் கோ சாமுய் பக்கம் மழையும் அலையும் அதிகம். அந்த நிறுத்தம் மொத்தமாக ரத்தாகவும் செய்யும். வெளியே வண்டிக்கு முன்பணம் கட்டுவதாக இருந்தால், கப்பல் வராவிட்டால் திருப்பித் தருவார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள்.

புளியோதரையைக் கரைக்குக் கட்டிக்கொண்டு போவது

பல துறைமுகங்களில் சமைத்த உணவு, பழம், விதை எதையும் வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். காலையில் கப்பலில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, சீல் பிரிக்காத பிஸ்கெட் பாக்கெட் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சுங்க அதிகாரி கேட்டால் அதையும் காட்டிவிட வேண்டும்.

பினாங்கில் டூருக்குப் பணம் கட்டுவது

தூரத்துத் துறைமுகத்தில் மிச்சம் பிடித்து, பக்கத்துத் துறைமுகத்தில் செலவழிக்கிறவர்கள் நிறைய. பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை, ஜார்ஜ் டவுன் நகரத்திலேயே இருக்கிறது. இறங்கிப் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் லிட்டில் இந்தியா. குவீன் தெருவில் 1833இல் கட்டிய மகா மாரியம்மன் கோயில், அதற்குப் பக்கத்திலேயே கப்பித்தான் கிளிங் மசூதி, சீனக் குலக் கோயில்கள், எல்லாம் நடையிலேயே. வழி கேட்டால் தமிழில் பதில் வரும். இங்கே பஸ்ஸில் ஏறி, கைடு பிடிக்கும் கொடியின் பின்னால் போக எந்தத் தேவையும் இல்லை. பினாங்கு மலை ரயிலுக்கு மட்டும் வரிசை நீளும். போவதானால் இறங்கியதும் முதலில் அங்கே போய்விடுங்கள்.

விசாவைக் கடைசியில் பார்ப்பது

எங்கே சுற்றுவது என்று முடிவு செய்யும் முன் அட்டவணையில் உள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் இன்றைய விதி என்ன என்று அந்தந்த அரசின் தளத்தில் பாருங்கள். கடந்த சில வருடங்களில் மலேசியாவும் தாய்லாந்தும் நமக்கான விதிகளைப் பலமுறை மாற்றியிருக்கின்றன. மலேசியாவுக்கும், 2025 மே முதல் தாய்லாந்துக்கும், வருகை அட்டையை முன்கூட்டியே ஆன்லைனில் நிரப்ப வேண்டும். சிங்கப்பூரில் கிளம்பி அங்கேயே திரும்பும் கப்பல் என்றால் சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். விசா பலமுறை நுழைவுக்கானதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வியட்நாமில் இறங்கி, வேறு நாட்டுக்குப் போய், மறுபடி வியட்நாம் வந்தால் அங்கேயும் அப்படித்தான். கரையில் இறங்காமல் கப்பலிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொன்னாலும், விசா இல்லாதவரைப் பல கம்பெனிகள் சிங்கப்பூரில் ஏற்றுவதே இல்லை.