பையன் ரக்பி ரெப் டீம் ட்ரையலுக்கு போறானா? நியூசிலாந்துல இருக்குற நம்ம அப்பா அம்மாக்களுக்கு

ஆக்லாந்துல ஜூலை கடைசி வந்தாலே நம்மாளுங்க யாராவது ஒருத்தர் போன் பண்ணி, அண்ணா பையன ரெப் ட்ரையலுக்கு கூப்பிட்டிருக்காங்க, என்ன பண்ணணும்னு கேக்குறாங்க. என் பையன் ரெண்டு தடவ போயிருக்கான், முதல் தடவ எடுக்கல, ரெண்டாவது தடவ எடுத்தாங்க, அந்த வருஷம் நான் டீம் மேனேஜராவும் இருந்தேன், அதனால தெரிஞ்சத எல்லாம் ஒரே இடத்துல எழுதிடறேன்.

முதல்ல ரெப்னா என்னன்னு. ரெப்ரசென்டேட்டிவ்ங்குறதோட சுருக்கம், ஏரியாவுக்காக ஆடுற டீம். நியூசிலாந்துல 26 மாகாண ரக்பி யூனியன் இருக்கு. ஏப்ரல்லேந்து ஆகஸ்ட் வரைக்கும் சனிக்கிழம காலைல பசங்க அவங்கவங்க கிளப்புக்கு ஆடுவாங்க, அது முடியுற நேரத்துல கிளப்புலேந்து பசங்கள பொறுக்கி ஏரியா டீம், யூனியன் டீம்னு கட்டி, செப்டம்பர் அக்டோபர் ஸ்கூல் லீவு வரைக்கும் மத்த டீமுங்களோட மோத விடுவாங்க. மொத்தமே ரெண்டு மாசம்தான். இத மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா வீட்டுல நடக்குற பேச்ச பாத்தா பையனோட வாழ்க்கையே இந்த ரெண்டு மாசத்துல முடிவாகுற மாதிரி இருக்கும்.

ட்ரையல்ல அறுபது எழுபது பசங்க வருவாங்க, செலக்டர் ஒரு பையன பாக்குறது சில நிமிஷம்தான். ஓடி எதிர் டீம் கோட்டுக்கு அப்பால பந்த தரையில வச்சு ட்ரை போடுறவன் எல்லார் கண்ணுலயும் படுவான், ஆனா நான் பக்கத்துல நின்னு கேட்ட வரைக்கும் அவங்க குறிச்சுக்கிட்டது வேற: கீழ விழுந்தவன் எவ்வளவு சீக்கிரம் எழுந்து திரும்ப லைனுக்கு வர்றான், பக்கத்துல இருக்குறவன்கிட்ட வாய தொறந்து பேசுறானா, ரெண்டு பக்கமும் பாஸ் குடுக்க வருதா. நம்ம பசங்க நிறைய பேர் பேசவே மாட்டாங்க, பெரியவங்க முன்னாடி அமைதியா இருக்கணும்னு வளத்துட்டோம், கிரவுண்டுல கத்தலாம், கத்தணும்னு அவனுக்கு நீங்கதான் சொல்லி குடுக்கணும். இடது பக்கம் பாஸ் நல்லா வரும் வலது பக்கம் வராதுன்னா தினமும் பத்து நிமிஷம் கராஜ் முன்னாடி நின்னு அந்த பக்கம் மட்டும் போடுங்க, நாலு வாரத்துல வித்தியாசம் தெரியும். பொசிஷன் கேட்டா ஒண்ணு மட்டும் சொல்லாம ரெண்டு சொல்ல சொல்லுங்க.

டேக்கிள், அதாவது பந்தோட வர்றவன பிடிச்சு கீழ சாய்க்குறது, பத்தி கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா பயமும் அடியும் ரெண்டுமே அங்கதான். புல்லுல நீங்களும் பையனும் முட்டி போட்டுக்கோங்க, நீங்க பந்தோட மெதுவா அவன தாண்டி போங்க. அவன் தோள் உங்க தொடையில படணும், தலை உங்க முன்னாடி குறுக்க வரவே கூடாது, பின்பக்கமா போகணும். இங்க கோச்சுங்க சீக் டு சீக்னு சொல்லுவாங்க, அவன் கன்னம் உங்க பின்பக்கத்துல ஒட்டிக்கணும்னு அர்த்தம். கண்ண மூடாம, தலைய தொங்கப் போடாம, ரெண்டு கையாலயும் இறுக்கி அணைச்சா நீங்க தானா சாய்ஞ்சுடுவீங்க. இத நடந்துக்கிட்டு பண்ணுங்க, அப்புறம் மெதுவா ஓடிக்கிட்டு, வலது தோள்ல பத்து இடது தோள்ல பத்து. பெரும்பாலான பசங்க ஒரு தோள்ல மட்டும்தான் பழகியிருப்பாங்க, மேட்ச்ல எதிராளி அந்த இன்னொரு பக்கமா வந்தா தலை தப்பான இடத்துக்கு போகும், அடி படுறது அப்பதான். 2023லேந்து இங்க கம்யூனிட்டி ரக்பில முதல்ல பிடிக்குறவன் நெஞ்செலும்புக்கு கீழதான் பிடிக்கணும், அதனால கீழ பிடிச்சு பழகுனவனுக்கு பெனால்டி பயமும் இல்ல.

பல்லுக்கு போடுற மவுத்கார்டு கட்டாயம், அது இல்லாம இறக்க மாட்டாங்க. வெந்நீர்ல போட்டு கடிக்குற டைப் வாங்குனா பாக்கெட் மேல எழுதியிருக்குற நேரத்துக்கு மேல ஒரு செகண்ட் கூட தண்ணில விடாதீங்க, சுருங்கிடும். கடிச்சதும் உதட்ட மூடி காத்த உள்ள உறிஞ்சணும், அப்பதான் பல்லோட ஒட்டி நிக்கும், வாய தொறந்தா கீழ விழுந்துச்சுன்னா ஃபிட் ஆகலன்னு அர்த்தம், திரும்ப பண்ணுங்க. பால்பல் விழுந்து புதுசு முளைக்குற வயசுல ஒரே சீசன்ல ரெண்டாவது வாங்க வேண்டி வரும்.

அடுத்தது பசங்கள எவ்வளவு ஆட விடறதுங்குறது. கிளப்பு, ஸ்கூல், ரெப் மூணும் ஒண்ணா சேர்ற வாரங்கள் வரும், ஒவ்வொரு கோச்சுக்கும் அவர் ட்ரெய்னிங் மட்டும்தான் தெரியும், மொத்த கணக்கு வைக்க வேண்டியது நீங்கதான். எளிய கணக்கு ஒண்ணு இருக்கு, பையன் வயசு எத்தனையோ வாரத்துக்கு அத்தன மணி நேரத்துக்கு மேல விளையாட்டு கிளாஸ், மேட்ச், ட்ரெய்னிங் எல்லாம் சேர்ந்து போகக்கூடாது. 12 வயசுன்னா 12 மணி நேரம், அதுல நீச்சலும் கிரிக்கெட்டும் கூட சேரும். தூக்கம் ஒன்பது மணி நேரமாவது வேணும். இந்த வயசுல திடீர்னு உயரமாவாங்க, அப்ப முட்டிக்கு கொஞ்சம் கீழ எலும்பு துருத்திக்கிட்டு தொட்டாலே வலிக்குதுன்னா அத தைலம் தேய்ச்சு ஆட விடாதீங்க, ஃபிசியோகிட்ட போங்க, ஆட்டத்த கொறைச்சா சரியாகுற விஷயம்.

தலையில அடி பட்டா மட்டும் யார் பேச்சையும் கேக்காதீங்க. மயக்கம் போட்டாதான் கன்கஷன், அதாவது மூளை அதிர்ச்சின்னு நெனைக்கிறோம், அப்படி இல்ல, நிறைய பேருக்கு மயக்கமே வராது. கண்ணு மங்கலா தெரியுது, கேட்ட கேள்விய திரும்ப கேக்குறான், தள்ளாடுறான், காரணமில்லாம அழறான், வெளிச்சம் கூசுதுங்குறான், இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சுது. டாக்டர் பாக்கணும், குறைஞ்சது 21 நாள் கழிச்சு, அறிகுறி எல்லாம் போயி, டாக்டர் எழுதி குடுத்தப்புறம்தான் திரும்ப மேட்ச். கணக்கு போட்டு பாருங்க, ரெப் சீசன்ல 21 நாள்னா கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு சீசன். நான் மேனேஜரா இருந்தப்ப ஒரு பையன் அரையிறுதிக்கு முந்தின வாரம் அடிபட்டு, மத்தியானம் சாப்பிட்டியான்னு கேட்டா யோசிச்சுக்கிட்டு நின்னான். அவங்க அப்பா என்கிட்ட வந்து, அவன் நல்லாதான் இருக்கான், தலையில அடி பட்டதுன்னு ரிப்போர்ட் எழுதாதீங்கன்னு கெஞ்சினாரு. எழுதினேன். அந்த மனுஷன் ரெண்டு மாசம் என்கூட பேசல, இப்ப திரும்ப அப்படி நடந்தாலும் எழுதத்தான் செய்வேன்.

சாப்பாட்டுக்கு எதுவும் புதுசா தேட வேணாம். மேட்சுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி நாலு இட்லி, காரமில்லாத சாம்பார், இல்ல வாழைப்பழமும் டோஸ்ட்டும். எண்ணெய் பலகாரம் வேணாம். பாதி ஆட்டத்துல ஆரஞ்சு துண்டு இங்க எல்லா டீம்லயும் வழக்கம். முடிஞ்சதும் முட்டை, பால், வீட்டுக்கு வந்து தயிர்சாதம். புரோட்டீன் பவுடர் வாங்கவே வாங்காதீங்க, இந்த வயசுக்கு அது தேவையில்ல.

எடுக்கலன்னா என்ன பண்றது? ஜனவரில பொறந்தவனும் டிசம்பர்ல பொறந்தவனும் ஒரே வயசு கிரேடுல நிக்குறாங்க, பன்னெண்டு வயசுல பதினொரு மாசம்ங்குறது தோள் அகலத்துலயே தெரியும். செலக்டர் கண்ணு பெரிய பையன்கிட்ட போறது உலகம் முழுக்க ஆராய்ச்சி பண்ணி பாத்த விஷயம். 2019ல நார்த் ஹார்பர் யூனியன் ஜூனியர் ரெப் டீமையே நிறுத்திட்டு எல்லா பசங்களும் ஆடுற மாதிரி மாத்தினாங்க, அதே வருஷம் நியூசிலாந்து ரக்பி அமைப்பும் கிரிக்கெட், ஃபுட்பால், ஹாக்கி, நெட்பால் அமைப்புகளோட சேர்ந்து சின்ன வயசுலயே பொறுக்கி எடுக்குறத கொறைப்போம்னு கையெழுத்து போட்டாங்க. அதனால இது உங்க பையன் திறமைக்கு குடுத்த தீர்ப்புன்னு எடுத்துக்காதீங்க.

முதல் வருஷம் என் பையன எடுக்காதப்ப நான் கார்ல வீடு வர்ற வரைக்கும் அவன் விட்ட ரெண்டு டேக்கிள பத்தியே பேசிட்டு வந்தேன். வீட்டு வாசல்ல இறங்கும்போது, அப்பா அடுத்த தடவ நான் ஃப்ரெண்டு கார்ல வரட்டுமான்னு கேட்டான். அன்னிலேந்து கார்ல ரக்பி பேச்சு அவனா எடுத்தாதான். பசிக்குதா, பாட்டு போடவா, அவ்வளவுதான் கேப்பேன். ரெண்டு நாள் கழிச்சு அவனே வந்து, இடது தோள் சரியா வரல, புல்லுல போடலாமான்னு கேட்டான்.

சீசன் முடிஞ்சா அக்டோபர்லேந்து கிரிக்கெட்டோ, டேக்கிள் இல்லாத டச் ரக்பியோ, நீச்சலோ எது கேக்குறானோ விடுங்க, ஸ்பெஷல் ரக்பி கோச்சிங்னு காசு கட்டாதீங்க. பூட்ஸ கழுவி உள்ள பேப்பர் அடைச்சு நிழல்ல காய வைங்க, அடுத்த சீசனுக்கு புதுசு இப்பவே ஆஃபர்ல கெடைக்குதேன்னு வாங்க வேணாம், மார்ச்சுக்குள்ள கால் ஒரு சைஸ் வளர்ந்துடும்.