ட்ரையல்ஸ் பைக்: சாலையில் பழகிய கை செய்யும் தவறுகள்

ட்ரையல்ஸ் பைக்கில் உட்கார இருக்கை கிடையாது. பாறை, ஓடை, வழுக்கும் மரவேர் என்று நாடா கட்டிக் குறித்த துண்டுப் பாதையைக் கால் ஊன்றாமல், நின்றபடியே கடக்க வேண்டும். ஒரு முறை ஊன்றினால் 1 புள்ளி, இரண்டு முறைக்கு 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3, விழுந்தாலோ பாதையை முடிக்க முடியாவிட்டாலோ 5. குறைவாக வாங்கியவருக்கே வெற்றி. வேகத்துக்கு இங்கே வேலை இல்லை. பைக்கின் எடையே 70 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் இதைப் பிரித்து மாட்ட உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் சாலை பைக்கில் கை பழகியவர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

எஞ்சின் சரியாக இழுக்கவில்லை என்றதும் பலர் முதலில் கை வைப்பது மெயின் ஜெட்டில், அதாவது கார்புரேட்டரில் முழு த்ராட்டிலுக்குப் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையில். த்ராட்டிலை முழுக்கத் திருகி ஓட்டும் பைக்குக்கு அது பொருந்தும். ட்ரையல்ஸ் எஞ்சினோ நாள் முழுக்க ஐடிலுக்கும் (த்ராட்டிலைத் திருகாதபோதுள்ள ஓட்டம்) கால்வாசி த்ராட்டிலுக்கும் நடுவில்தான் உழைக்கிறது. அந்த எல்லையைப் பெரும்பாலும் ஆளுவது குறைந்த த்ராட்டிலுக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டும், அதோடு சேரும் காற்றை அளக்கும் காற்று ஸ்க்ரூவும். மெயின் ஜெட்டை நாலு தடவை மாற்றியும் பாறையடியில் எஞ்சின் தடுமாறுவது நிற்கவில்லை என்று புலம்புகிறவர்கள் இந்த இரண்டையும் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள்.

காற்று ஸ்க்ரூவைச் சரிசெய்ய எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் வைத்த அளவு பத்து நிமிடத்தில் பொய்யாகிவிடும். ஸ்க்ரூவை மெல்ல உள்ளே திருப்பி, முட்டியதும் நிறுத்துங்கள்; இறுக்கினால் அதன் முனை கெடும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். பிறகு கால் சுற்று, கால் சுற்றாக இருபுறமும் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் ஐடில் தானாக உயர்ந்து, சத்தம் சீராகும். அதுதான் இடம். ஏறிய ஐடிலை ஐடில் ஸ்க்ரூவால் இறக்கிக்கொள்ளலாம். அந்த இடம் ஒரு சுற்றுக்குள்ளேயே வந்துவிட்டால் பைலட் ஜெட் சிறியது. இரண்டரைச் சுற்றைத் தாண்டினால் பெரியது. ஸ்க்ரூ கார்புரேட்டரில் ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால்தான் இந்தக் கணக்கு. எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் கலவையை ஆளும் ஸ்க்ரூ, எல்லாம் தலைகீழ். 2005 முதல் வரும் மோன்டெசா கோட்டா 4ஆர்டி போன்ற ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பைக்குக்கு இந்தப் பத்தியே தேவையில்லை.

த்ராட்டிலை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்க மறுத்தால், ஜெட்டை மாற்றுவதற்கு முன் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பரைப் பாருங்கள். அதில் விரிசல் விட்டுக் காற்று கசிந்து உள்ளே போகலாம்.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலை அதிகம் கலப்பது இன்னொரு பழைய பழக்கம். 1965இல் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரையலை ட்ரையல்ஸ் வீரர் சாமி மில்லர் ஸ்பெயினின் புல்டாகோ ஷெர்பா பைக்கில் ஜெயித்த காலத்து டூ ஸ்ட்ரோக்குகள் ஆயிலைத் தாராளமாகக் கேட்டன. இன்றைய செயற்கை ஆயிலுக்கு 70க்கு 1, 80க்கு 1 என்ற விகிதங்கள் சாதாரணம். 5 லிட்டர் பெட்ரோலுக்கு 80க்கு 1 என்றால் வெறும் 62.5 மில்லி. உங்கள் பைக்கின் கையேடு சொல்வதே கடைசிச் சொல். 'கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் எஞ்சினுக்குப் பாதுகாப்பு' என்பது பாதி உண்மைகூட இல்லை. ஜெட் வழியே போகும் திரவத்தில் ஆயில் கூடினால் பெட்ரோலின் பங்கு குறைகிறது. கலவையில் காற்று மிகுந்து எஞ்சின் சூடாகிறது. மெதுவாக ஓடும் எஞ்சினில் எரியாமல் மிஞ்சிய ஆயில் சைலன்சரில் கறுப்புக் கஞ்சியாகத் தேங்கும். பின்பக்க மட்கார்டில் வழிந்திருப்பதைக் கண்டால் முதலில் ஆயில் அளவையும் கலவையையும் சந்தேகியுங்கள்.

கிளட்ச் விஷயத்தில்தான் எனக்குக் கையைச் சுட்டது. ட்ரையல்ஸில் ஒற்றை விரலால் நாள் முழுக்கக் கிளட்சைப் பிடித்து விடுகிறோம். அதனால் பல பைக்குகளில் கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச். என் பைக்கில் லீவரோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டரில் திரவம் குறைந்திருந்தது. அலமாரியில் இருந்த டாட் 4 பிரேக் திரவத்தை ஊற்றிவிட்டேன். மூடியைத் திருப்பிப் பார்த்திருந்தால் மினரல் ஆயில் என்று அச்சிட்டிருந்தது தெரிந்திருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது பாதையில், பிடித்த லீவர் திரும்பி வரவே இல்லை. வீட்டில் பிரித்தபோது ரப்பர் சீல்கள் ஊறிய கடலைபோல உப்பியிருந்தன. மினரல் ஆயிலுக்கென்று செய்த சீல் பிரேக் திரவத்தில் கெடும். பிரேக்கின் சீல் மினரல் ஆயிலில் கெடும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கியர் பாக்ஸில் கார் எஞ்சின் ஆயிலை ஊற்றுவதும் இதே குடும்பத்துத் தவறு. உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்த ஆயிலில் கிளட்ச் தட்டுகள் வழுக்கும். கெட்டியான ஆயிலிலோ தட்டுகள் ஒட்டிக்கொண்டு, லீவரைப் பிடித்தாலும் பைக் முன்னே நகரும். குளிர்ந்த காலையில் இது சகஜம் என்பதால், ஸ்டார்ட் செய்வதற்கு முன் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்துக்கொண்டு பைக்கை முன்னும் பின்னும் தள்ளித் தட்டுகளைப் பிரித்துவிடுவது நல்லது.

டயருக்கு வருவோம். சாலை பைக்கில் 28, 30 பிஎஸ்ஐ என்று பழகியவர்களுக்கு இங்கே பின் டயர் 4 முதல் 5, முன் டயர் 5 முதல் 7 என்றால் பஞ்சர் என்றுதான் தோன்றும். அந்தத் தொளதொளப்புதான் டயரைப் பாறையின் மேல் பரவவிட்டுப் பிடிமானம் தருகிறது. பெட்ரோல் பங்க் மீட்டரை நம்பாதீர்கள்; இவ்வளவு குறைந்த அழுத்தத்தை அது சரியாகக் காட்டாது. 0 முதல் 15 வரை மட்டும் காட்டும் சிறிய மீட்டர் ஒன்றை வாங்கிவிடுங்கள். 4க்கும் கீழே போனால் டயர் பக்கவாட்டில் மடங்கி, ரிம் கல்லில் அடிபடும்.

300 சிசி பைக்கின் சக்தி அடங்கவில்லை என்று சஸ்பென்ஷனை இறுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மெதுவாகத் திறக்கும் த்ராட்டில் குழாயை மாற்றிப் பாருங்கள், அல்லது எஞ்சினோடு சுழலும் கனச் சக்கரமான ஃப்ளைவீலில் எடை கூட்டுங்கள். சஸ்பென்ஷனைத் தொடத்தான் வேண்டுமென்றால், ஓட்டுபவர் கவச உடையோடு ஃபுட்ரெஸ்ட்டில் நிற்கும்போது அது எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்த பிறகு தொடுங்கள்.

பிரஷர் வாஷர் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சேறு போவதைப் பார்க்க இன்பம்தான். ஆனால் அந்தத் தண்ணீர் சைலன்சர் வழியாகவும் ஏர் பாக்ஸ் வழியாகவும் உள்ளே போகும், பேரிங்குகளின் கிரீஸைத் துரத்தும். இரண்டு வாயையும் அடைத்துவிட்டுத் தொடங்குங்கள். பின் ஷாக் அப்சார்பரின் இணைப்புக் கைகள் எஞ்சின் காப்புத் தகட்டுக்குப் பின்னால், சேறு சேரும் இடத்திலேயே இருக்கின்றன. வருடத்துக்கு ஒரு முறையாவது பிரித்து கிரீஸ் வைக்காவிட்டால் ஊசி பேரிங்குகள் துருப்பொடியாகத்தான் கையில் வரும்.

கழுவி முடித்ததும், விழுந்தால் எஞ்சினை நிறுத்துவதற்காக மணிக்கட்டில் கட்டும் காந்தக் கயிற்றையும் சோதியுங்கள். எஞ்சினை ஓடவிட்டுக் கயிற்றை இழுங்கள். நிற்காவிட்டால் பைக்கை வெளியே எடுக்காதீர்கள். தொடர்பு முனைகளில் ஈரம் இருக்கலாம்.