எங்கட ஊர் ஏச்சுப் பேச்ச எழுதி எடுக்கிறது எப்பிடி

"ஜப்பான்காரனுக்கு தூஷணமே இல்லையாம், எங்கட ஆக்கள்தான் வாய் திறந்தா இப்பிடி" எண்டு தேத்தண்ணிக் கடையில யாராவது சொல்லுவாங்க. ஏச்சுப் பேச்சு சேர்க்க நினைக்கிற ஆள் முதல்ல இந்தக் கதைய மனசுல இருந்து எடுக்கணும். ஆஷ்லி மொண்டேகு எண்ட மானிடவியலாளரே 1967ல, ஜப்பான்காரரும் அமெரிக்கப் பழங்குடி ஆக்களும் தூஷணம் பேசிறதில்ல எண்டுதான் எழுதினாரு. ஆனா ஜப்பான் மொழியில கோவத்துல குசோ (பீ), சிக்குஷோ (மிருகம்) எண்டு வாயில வரத்தான் செய்யுது, அதுக்கும் மேல 'நீ' எண்டு கூப்பிடவே அவங்களுக்கு பல சொல்லு இரிக்கு, அதுல கிசமா எண்டு ஒருத்தர கூப்பிட்டா கைகலப்புதான். ஏச்சே இல்ல எண்டு பேர் எடுத்த மொழியில ஏச்சு வேற இடத்துல ஒளிஞ்சிரிக்கு, அவ்வளவுதான்.

அதனால "உங்கட ஊர்ல என்ன தூஷணம் பேசுவீங்க" எண்டு நேரா கேக்காதீங்க. மானம் உள்ள மனிசர் "எங்களுக்கு அதெல்லாம் தெரியாது தம்பி" எண்டு எழும்பிப் போயிருவாங்க. ஆருக்கு முன்னால எத சொல்லேலா எண்டு கேளுங்க, அப்ப கதை தன்னால வரும். மச்சானும் மச்சானும் வயல் வரம்புல நிண்டு பேசிற பேச்ச அக்கா தங்கச்சி இருக்கிற இடத்துல பேசிப் பாக்கட்டும் பாப்பம். கள்ளங்கபடமில்லாம அப்பிடி பேசலாம் எண்டிறதே அந்த உறவுக்கு குடுத்த உரிமை. இது எங்களுக்கு மட்டும் உள்ளதில்ல, ஆஸ்திரேலியாவுல கேப் யோர்க் பக்கத்து பழங்குடி ஆக்களிட்டயும் இன்ன உறவுக்காரர் ஊர் பாக்க பச்சையா பேசலாம், இன்னாருக்கு முன்னால வாயே திறக்கேலா எண்டு முறை இருந்தத டொனால்ட் தொம்சன் 1935ல எழுதியிரிக்காரு.

அடுத்தது கொப்பி. எல்லாத்தையும் ஒரே பக்கத்துல கொட்டினா மறுகா ஒண்டும் விளங்காது, தூஷணம் ஒரு பக்கம், ஏச்சு ஒரு பக்கம், சாபம் இன்னொரு பக்கம், பட்டப்பேர் நக்கல் கடைசியில. இதுல சாபத்துக்கு நிறைய பக்கம் விடுங்க, ஏனெண்டா கிழவிமாரிட்ட இரிக்கிற சொத்து அதுதான், அவங்களோட போயிரும். கொள்ளையில போவான், பேதியில போவான், பாடையில போவான் எண்டு சொல்லும்போது அந்தக் கிழவியின்ட தாய் காலத்துல வாந்திபேதி வந்து ஊர் காலியானது உள்ளுக்க இரிக்கு. நெதர்லாந்துல டச்சுக்காரர் இண்டைக்கும் புற்றுநோய், தைபோயிட், வாந்திபேதி எண்டு நோயச் சொல்லித்தான் ஏசிறாங்க. கனடாவுல கியூபெக் பக்கம் பிரெஞ்சு பேசிற ஆக்கள் கோவம் வந்தா கத்தோலிக்கக் கோயில் பீடத்துல இரிக்கிற நற்கருணைப் பேழை, கிண்ணம் எண்டு சாமான் பேரையே ஏச்சாக்கி வச்சிரிக்காங்க, பாதிரிமார் கை ஓங்கி இருந்த ஊர் அது. அறுதலி (தாலி அறுத்தவள்), மலடி எண்டிற ரெண்டையும் எழுதும்போது கை கொஞ்சம் கூசும், ஆனா எழுதுங்க, ஒரு ஊர் பொம்பிளைய எதச் சொல்லி வெட்டிச்சு எண்டு மறைக்கப்படாது.

காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறை பக்கம் முஸ்லிம் ஆக்களிட்ட போனா வேற கொப்பி வேணும். பலாய், முசீபத்து (ரெண்டும் கேடு, துன்பம் எண்ட மாதிரி) எண்டு உம்மாமார் புள்ளைகள ஏசிறது வேற, மனசு நொந்து பத்துவா, அதாவது ஒருத்தருக்கு கேடு வரட்டும் எண்டு இறைவனிட்ட கேக்கிறது வேற. பத்துவாவ சும்மா வாய்க்கு எடுக்க மாட்டாங்க, அதப் பத்தி கேக்கும்போது குரலக் குறைச்சு கேளுங்க. மண்ண அள்ளித் தூத்திச் சபிக்கிறதும் அப்பிடித்தான், சொல்லு மட்டும் எழுதினா பாதிதான், கை என்ன செஞ்சுது, எந்தத் திசை பாத்து நிண்டாங்க எண்டதையும் எழுதணும்.

வயசான ஆம்பிளைகள் கிடைச்சா கொம்பு விளையாட்டப் பத்தி கேக்க மறந்திராதீங்க. மழை பொய்ச்சா, நோய் வந்தா கண்ணகை அம்மனுக்காக ஊர் வடசேரி, தென்சேரி எண்டு ரெண்டாப் பிரிஞ்சு, வளைஞ்ச தடிக்கொம்பு ரெண்ட ஒண்டோட ஒண்டு கொளுவி இழுத்து முறிப்பாங்க, ஒரு பக்கம் மற்றப் பக்கத்த வசை பாடும், ஒரே வீட்டுக்குள்ள புருசன் ஒரு சேரி பொஞ்சாதி ஒரு சேரியா நிண்ட கதையும் கேக்கலாம். மற்ற நாளில வாயில எடுக்கேலாத பேச்சுக்கு அம்மன் பேரால ஒரு நேரம் ஒதுக்கி வச்சிருந்தாங்க. அந்தப் பாட்டுல ரெண்டு அடி பாடச் சொன்னா வெக்கப்பட்டு சிரிப்பாங்க, சும்மா பொறுத்து இருங்க, பாடுவாங்க. இந்தப் பாட்டுகள் என்ட மனசுக்கு கிட்டினது, இத விட்டுட்டு வாறவங்கள நான் மன்னிக்க மாட்டன்.

ஃபோன்ல ரெக்கோர்ட் பண்றதெண்டா கேட்டுட்டுத்தான், தெருச் சண்டைய ஒளிச்சு நிண்டு பதியிறது வேணாம், அது சேகரிப்பு இல்ல துரோகம். பேர் எழுதாதீங்க, வயசு, ஊர், யார் இருக்கக்க சொன்னாங்க எண்டு போதும். பொம்பிளைகளிட்ட பொம்பிளைதான் போகணும். சாதி, இனம் சொல்லி இழிக்கிற சொல்லுகள தனிய வையுங்க, சிரிக்க எடுத்துக் காட்டாதீங்க.

இளம் பொடியன்மார் தாய்க்கு முன்னாலயே இங்கிலிஷ்ல சட்டுண்டு ஒரு சொல்லு விடுவாங்க, அதே சொல்ல தமிழ்ல சொல்லச் சொன்னா மூஞ்சி செவக்கும். சின்ன வயசுல ஏச்சு வாங்கின மொழிதான் உடம்புல ஏறும், துருக்கி பேசி வளந்து பிறகு இங்கிலிஷ் படிச்ச ஆக்கள வச்சு 2003ல தோலின்ட வேர்வைய அளந்தே இதக் காட்டியிரிக்காங்க. அதனால தாய்மொழியில கேட்டு தாய்மொழியிலயே எழுதுங்க.

ஒரு விசயம் வீட்டுக்காரருக்கும் சொல்லணும். பாரிசவாதம் வந்து பேச்சுப் போன அப்பப்பா திடீரெண்டு தூஷணம் மட்டும் தெளிவாச் சொன்னா வெக்கப்பட்டு கதவச் சாத்தாதீங்க. பாரிஸ்ல புரோக்கா எண்ட வைத்தியர் 1861ல பாத்த நோயாளிக்கு 'டான்' எண்ட ஒரு சத்தம்தான் வரும், கோவம் வந்தா மட்டும் கடவுள் பேரால ஒரு ஏச்சு முழுசா வரும். யோசிச்சுப் பேசிற பேச்சு போனாலும் தன்னால வாற பேச்சு பல பேருக்கு மிஞ்சும். அப்பப்பா கெட்டுப் போகல, பேச்சுப் பயிற்சி குடுக்கிறவங்களிட்ட அதையும் மறைக்காம சொல்லுங்க.

கொப்பி நிறைஞ்சதும் போட்டோக்கொப்பி ஒண்டு எடுத்து வந்தாறுமூலை கம்பஸ்ல இல்லாட்டி ஒலுவில் கம்பஸ்ல தமிழ் படிப்பிக்கிற ஆக்களிட்ட காட்டுங்க. மூலக் கொப்பிய மட்டும் கையவிட்டுக் குடுத்திராதீங்க.