கடலோர கோல்ஃப் மைதானத்துக்குப் போகிறீர்களா? காற்றோடு மல்லுக்கட்டாதீர்கள்

பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போகும் யாழ்ப்பாணத்தவர்களில் சிலருக்கு, அப்படியே ஸ்கொட்லாந்துக்கும் போய் ஒருமுறை கோல்ஃப் ஆடிவிட்டு வரவேண்டும் என்று ஆசை. அநேகமாக வேலைக்காலத்தில் கொழும்பிலோ நுவரெலியாவிலோ இந்த விளையாட்டைப் பழகியவர்கள். மரங்களுக்கு நடுவே, மெத்தென்ற புல்லில் பழகிய கை அது. லிங்க்ஸ் எனப்படும் கடலோர மணல்மேட்டு மைதானத்துக்கு அந்தப் பழக்கத்தை அப்படியே கொண்டுபோனால் முதல் குழியிலேயே தடுமாற்றம் தொடங்கிவிடும்.

தவறு புறப்படுவதற்கு முன்பே நடக்கிறது. காசு கட்டினால் இடம் கிடைத்துவிடும் என்று நம்பி விமானச் சீட்டு எடுத்துவிடுகிறார்கள். ஸ்கொட்லாந்தின் சென்ற் அன்ட்ரூஸ் ஊரிலுள்ள ஓல்ட் கோர்ஸ் என்ற லிங்க்ஸ் மைதானத்தில் ஆட, உங்கள் ஆட்டத்திறனைக் காட்டும் ஹண்டிகப் சான்று கேட்பார்கள். அதை நீங்கள் ஆடும் கழகத்தில் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும். முன்பதிவு கிடைக்காதவர்களுக்கு, ஆடும் நாளுக்கு இரண்டு நாள் முன்பாகச் சீட்டுக் குலுக்கல் ஒன்று நடக்கும். பெயர் விழுமா என்பது அதிர்ஷ்டம். ஆகவே அந்த ஊருக்கென ஒரேயொரு நாளை ஒதுக்காதீர்கள். மூன்று நான்கு நாளாவது வையுங்கள். குலுக்கலில் விழாவிட்டாலும் பக்கத்திலேயே 1895இல் திறந்த நியூ கோர்ஸ் இருக்கிறது. அதே மணல், அதே காற்று. அதை இரண்டாந்தரமாக நினைப்பது பெரிய இழப்பு. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும் என்பதால், அது கைக்கு வரும்வரை திரும்பப் பெறமுடியாத கட்டணம் எதையும் கட்டவேண்டாம்.

இனி மைதானத்துக்குள். எதிர்க்காற்றில் பலமாக அடிப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. பலமாக அடிக்க அடிக்க பந்தின் பின்சுழற்சி கூடும். சுழற்சி கூடினால் பந்து மேலே ஏறும். மேலே போனதைக் காற்று பிடித்துக்கொள்ளும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிலத்தருகே அசைய மறுக்கும் பட்டம் பனை உயரத்துக்கு மேலே போனதும் நூலை இழுத்துக்கொண்டு ஓடும். பந்துக்கும் அதே காற்றுத்தான். வழமையாக எடுக்கும் மட்டையைவிட ஒன்றிரண்டு இலக்கம் நீளமானதை எடுத்து, பந்தை வலது காற்பக்கம் சற்றுத் தள்ளி வைத்து (வலக்கைக்காரர்களுக்குச் சொல்கிறேன்), அரைவாசி வீச்சோடு மெதுவாக அடியுங்கள். தாழப் போகட்டும். 2015இல் ஓல்ட் கோர்ஸில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில், காற்றுக்குப் பந்துகள் கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையில்) நிற்கமாட்டாமல் உருண்டதால் ஆட்டத்தைப் பத்து மணிநேரத்துக்கு மேல் நிறுத்தி வைத்தார்கள். உலகின் முதல்தர ஆட்டக்காரர்களையே காக்கவைத்த காற்று அது.

அடுத்தது தரை. மணல் நிலம் தண்ணீரைத் தேக்கிவைக்காது, அதனால் புல் குட்டையாக, தரை இறுக்கமாக இருக்கும். உயரத் தூக்கி, குழியில் நட்டிருக்கும் கொடிக்குப் பக்கத்தில் போட்ட பந்து குதித்துப் பின்பக்கமாக ஓடிவிடும். கிரீனுக்கு முன்னாலேயே விழவிட்டு உருட்டுங்கள். கிரீனுக்கு வெளியே இருபது முப்பது யார் தூரத்தில் நின்றாலும், நடுவில் தடை இல்லையென்றால் பந்தை உருட்டும் மட்டையான புட்டரையே எடுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் ஆடுகிறார்கள். ஓல்ட் கோர்ஸில் ஏழு பெரிய கிரீன்களை இரண்டிரண்டு குழிகள் பகிர்கின்றன. தப்பான கொடியைக் குறிவைக்காமலிருக்க ஒரு கணக்கு உண்டு: பகிரும் இரண்டு குழிகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும்.

பங்கர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஆழமான, செங்குத்துச் சுவருள்ள மணற்குழிகள். 1995இல் அங்கே நடந்த ஓப்பனில் ஜாக் நிக்லஸ் 14ஆம் குழியின் ஹெல் பங்கரிலிருந்து வெளியேற நான்கு தடவை அடித்தார். 14ஆம் குழியை முடிக்க அவருக்கு மொத்தம் 10 அடிகள். அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கே அந்த நிலை என்றால், கொடியை நோக்கி முன்னால் அடிக்கப் பார்ப்பது நமக்கு வேண்டாத வேலை. பக்கவாட்டிலோ பின்னாலோ அடித்து வெளியே வாருங்கள். அதுவும் முடியாதென்றால், 2019இலிருந்து விதி உதவிக்கு வருகிறது: கணக்கில் இரண்டு அடிகள் கூடும் தண்டனையை ஏற்றுப் பந்தைப் பங்கருக்கு வெளியே, பின்னால் எடுத்து வைக்கலாம். ஆனாலும் உள்ளே விழாமலிருப்பதற்கு ஈடில்லை. 2000 ஓப்பனில் அங்கே டைகர் வூட்ஸ் நான்கு நாளும் ஒரு பங்கரில்கூட விழாமல் ஆடி, அடுத்தவரைவிட எட்டு அடிகள் குறைவாக எடுத்து வென்றார். தூரத்தைக் குறைத்தாலும் பரவாயில்லை, பங்கர் இல்லாத பக்கம் அடியுங்கள். அந்தப் பக்கம் எதுவென்று, மட்டைப் பையைச் சுமந்து வழிகாட்டும் கேடிக்குத் தெரியும். செலவு என்று பார்த்து கேடியைத் தவிர்க்காதீர்கள். பல அடிகளில் இலக்கே கண்ணுக்குத் தெரியாது.

சின்ன விஷயங்கள் சில. தொலைந்த பந்தைத் தேட மூன்று நிமிடந்தான், முட்புதருக்குள் இறங்கவேண்டாம். ஆடி மாதமென்று மெல்லிய சேர்ட்டோடு போகாதீர்கள். கடலிலிருந்து மூடுபனி வந்தால் கோடையிலும் குளிரும், மழை அங்கியும் வேண்டும். முழுத் தூரமும் நடக்கவேண்டி வரும். சப்பாத்து புதியதாக இருக்கக்கூடாது.

குடும்பத்தை ஹோட்டலில் விட்டுவிட்டுத் தனியே போவதும் தவறுதான். ஓல்ட் கோர்ஸ் பொதுமக்களின் நிலம். ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக ஆட்டம் கிடையாது. ஊரவர்கள் நாயோடும் குழந்தைகளோடும் உலாவுவார்கள். நீங்களும் போகலாம், கட்டணம் இல்லை. 18ஆம் குழிக்கு முன்னாலுள்ள ஸ்வில்கன் கற்பாலத்தில் ஏறிப் படம் எடுக்கலாம். கிரீன்களையும் பங்கர்களையும் மட்டும் மிதிக்காமல் சுற்றிப் போங்கள்.