தகவல் மேசைப் பணியாளர்களுக்குப் பயிற்சி: எங்கே சொதப்புகிறோம்?

பயிற்சி தொடங்குவதற்கு முன்பே முதல் தவறு நடந்து முடிந்துவிடுகிறது. யாரை அனுப்புவது என்பதில்தான். சுற்றறிக்கை நூலகர் பெயருக்கு வரும், உதவி நூலகர்களுக்குப் புத்தொளிப் பயிற்சிச் சான்றிதழ் பதவி உயர்வுக்கு வேண்டும், அவர்கள் போவார்கள். நியாயம்தான். ஆனால் பல்கலைக்கழக நூலகத்தின் தகவல் மேசையில் உட்கார்ந்து "மேடம் இந்த புக் இருக்கா", "சார் வைஃபை வரல", "தீசிஸ் எல்லாம் எந்த மாடி" என்று வருகிறவர்களுக்கு நாள் முழுக்கப் பதில் சொல்வது நூலக உதவியாளரும் ஒப்பந்தப் பணியாளரும். "கவுன்ட்டரைப் பார்த்துக்க ஆள் வேணுமே" என்று சொல்லி அவர்களை அங்கேயே விட்டுவிடுகிறோம். மாலை ஷிஃப்ட்காரர்களை யாரும் நினைப்பதே இல்லை. ஒரே வகுப்பை இரண்டு தடவை, இரண்டு ஷிஃப்டுக்கும் நடத்தினால் தீர்ந்தது. செலவு கூட ஒன்றும் ஆகாது.

அப்புறம் அந்தத் தொடக்க விழா. நூலக அறிவியலுக்கு ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளை ஸ்லைடு போடாத நூலகப் பயிற்சியை நம் பக்கம் பார்ப்பது கஷ்டம். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது 1931இல் அவர் வெளியிட்டவை அவை. நாலாவது விதி, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. அதை எடுத்துச் சொல்வதற்குள் பொன்னாடை, வரவேற்புரை, சிறப்புரை என்று காலைப் பொழுதே போய்விடும்.

சரி, உள்ளே என்ன சொல்லித்தருகிறார்கள்? பெரும்பாலும் பதிப்பகத்தின் பிரதிநிதி வந்து தங்கள் தரவுத்தளத்தில் என்னென்ன பட்டன் இருக்கிறது என்று காட்டுவார். அது விற்பனை விளக்கம், பயிற்சிக் கணக்கில் சேராது. மேசைக்கு வரும் கேள்வி வேறு மாதிரி. ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது, 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். இந்த எண்களை எல்லாரும் ஒப்பிப்பார்கள். ஆனால் முதல் கட்டம் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும்தான் என்பதால், பக்கத்துச் சுயநிதிக் கல்லூரியிலிருந்து வரும் மாணவி "எங்க காலேஜ்ல ஏன் சார் ஓப்பன் ஆகல" என்று கேட்டால் என்ன சொல்வது, நம் மாணவர் வீட்டிலிருந்து படிக்க எந்த வழியாக உள்ளே போக வேண்டும் என்பதையெல்லாம் ஸ்லைடில் தேடினால் கிடைக்காது. பிரதிநிதியை அழையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முந்தைய மாதம் மேசையில் நிஜமாகவே கேட்ட கேள்விகளை அவர் கையில் கொடுத்து, அவற்றுக்குப் பதில் தேடிக் காட்டச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, கேட்கப் பழக்காமல் தேட மட்டும் பழக்குவது. ஒரு மாணவர் வந்து "கெமிஸ்ட்ரி புக்ஸ் எங்கே" என்கிறார். நம் ஆள் தலை நிமிராமல் "540, ரெண்டாவது மாடி, லெஃப்ட்" என்கிறார். பதில் சரி, புத்தகங்களைப் பாடவாரியாக அடுக்கும் டியூவி எண்ணும் சரி. ஆனால் அவருக்கு வேண்டியது எம்.எஸ்ஸி. புராஜெக்டுக்காக எடுத்த என்எம்ஆர் (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் சோதனை) கிராஃபை எப்படிப் படிப்பது என்கிற விளக்கம். 540 அலமாரியில் அரை மணி நேரம் மேய்ந்துவிட்டு வெறுங்கையோடு இறங்கிப் போவார். "எதுக்காகத் தேடுறீங்க தம்பி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் வெளியே வந்திருக்கும். வாசகர் முதலில் கேட்பதும் அவருக்குத் தேவைப்படுவதும் வேறாக இருக்கும் என்று அமெரிக்க நூலகவியலாளர் ராபர்ட் டெய்லர் 1968லேயே விரிவாக எழுதியிருக்கிறார். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, எதிரெதிரே உட்கார்ந்து நடித்துப் பார்த்தால்தான் வரும். ஒருவர் மாணவர், ஒருவர் மேசைக்காரர், மூன்றாமவர் குறிப்பெடுப்பவர். முதலில் எல்லாரும் சிரிப்பார்கள், கூச்சப்படுவார்கள். அதற்காக விட்டுவிடாதீர்கள். முக்கியமாக, கிளம்பும்போது "நீங்க தேடினது கிடைச்சுதா, இல்லேன்னா திரும்ப வாங்க" என்று சொல்வதைப் பழக்குங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், மேசையில் நடக்கும் தவறு மேசைக்கே தெரியாது. அமெரிக்க நூலகங்களுக்கு ஆட்களைச் சாதாரண வாசகர்போல அனுப்பிக் கேள்வி கேட்கவைத்துப் பார்த்த ஹெர்னான், மெக்ளூர் என்ற இரு ஆய்வாளர்கள், சுமார் 55 சதவீதப் பதில்கள்தான் சரி என்று 1986இல் எழுதினார்கள். சின்னச் சின்னத் தகவல் கேள்விகளை வைத்து மொத்தச் சேவையையும் எடை போடலாமா என்று அப்போதே எதிர்ப்பு வந்தது, அந்த எதிர்ப்பிலும் நியாயம் உண்டு. ஆனாலும் தவறான பதில் வாங்கிப் போனவர் சண்டைக்கு வருவதில்லை, அடுத்த முறை நூலகத்துக்கே வருவதில்லை.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. சாட்ஜிபிடி கொடுத்த மேற்கோள் பட்டியலோடு மாணவர்கள் வருகிறார்கள். ஆசிரியர் பெயர் நிஜம், இதழும் நிஜம், கட்டுரை மட்டும் உலகத்திலேயே இல்லை. பயிற்சி இல்லாதவர் ஓபேக்கில் (நூலகத்தின் கணினிப் பட்டியலில்) தட்டிப் பார்த்துவிட்டு "நம்மகிட்ட இல்லப்பா" என்பார், மாணவர் வேறு நூலகத்தில் தேடப் போவார். ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகத் தரப்படும் டிஓஐ எண்ணைப் போட்டுப் பார்ப்பது, இதழின் தளத்தில் அந்தத் தொகுதியின் உள்ளடக்கத்தைத் திறந்து பக்க எண்ணை ஒத்துப் பார்ப்பது, இவ்வளவுதான் வேலை, ஐந்து நிமிடம் ஆகாது. இதைச் செய்முறையாகச் சொல்லித்தராமல் "செயற்கை நுண்ணறிவும் நூலகமும்" என்று பொத்தாம்பொதுவாக ஒரு சொற்பொழிவு வைப்பதில் பிரயோஜனமில்லை.

கருத்துத் துண்டில் எல்லாரும் "மிக நன்று" என்றே எழுதுவார்கள், மதியச் சாப்பாடு நன்றாக இருந்தாலே போதும். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மேசையில் ஒரு நீளநோட்டு வையுங்கள். கேட்ட கேள்வியை அவர்கள் சொன்னபடியே ஒரு பக்கம், கடைசியில் என்ன தேவைப்பட்டது என்பதை எதிர்ப்பக்கம், கிடைத்ததா இல்லையா என்று ஒரு டிக். வாசகர் பெயர் வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாள், கூட்டம் குறைவான நேரத்தில், கால் மணி நேரம் எல்லாரும் சேர்ந்து அதைப் புரட்டுங்கள். நூலகரும் கூட உட்காரட்டும், ஆனால் யார் கையெழுத்து என்று மட்டும் கேட்க வேண்டாம். கேட்டால் மறுவாரத்திலிருந்து நோட்டில் சரியான பதில்கள் மட்டுமே இருக்கும்.