மாறுதலில் போகும் ஆசிரியர்களுக்கு: வாடகை வீடு பார்க்கும் முன்

சென்னையிலிருந்து சிறிய ஊருக்கு மாறுதல் கிடைத்தால், வீட்டு வாடகைப் படியும் குறையும். ஊரின் தரத்தைப் பொறுத்தே அந்தப் படி. அதனால் பழைய சம்பளத்தை மனதில் வைத்து வாடகை பேச வேண்டாம். இடைநிலை ஆசிரியராகப் புதிதாகச் சேர்பவரின் அடிப்படைச் சம்பளம் 20,600 ரூபாய்தான்; அதற்கு ஒவ்வொரு ஆயிரமும் பெரிது.

போனில் பேசி அட்வான்ஸ் அனுப்பிவிடாதீர்கள். முதல் மாதம் விடுதியிலோ, சக ஆசிரியரோடு அறையைப் பகிர்ந்தோ இருங்கள். பள்ளியில் தலைமையாசிரியரிடமும் சத்துணவு அமைப்பாளரிடமும் சொல்லி வையுங்கள். காலி வீடு எது, தண்ணீர் வருமா, காலையில் பஸ் உண்டா என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். புரோக்கர் கமிஷனும் மிச்சம்.

அப்புறம், மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். இருந்தால், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கே கிடைக்கும். பொது மீட்டர் என்றால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் சொல்வதைக் கொடுக்க வேண்டிவரும்.

2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. பத்து மாதம் கேட்டால் இதைச் சொல்லிப் பேசுங்கள்.