ஜனாதிபதி நிதியத்தில் மருத்துவ உதவி: தோட்டத்திலிருந்து விண்ணப்பிப்பது எப்படி?

அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். ஆனால் கண்டிக்கு அனுப்பியபின் "இது இங்கே இல்லை, வெளியே வாங்கி வாருங்கள்" என்று துண்டு எழுதிக் கொடுத்தால், தேயிலைத் தோட்டத்துக் குடும்பம் முதலில் போவது அடகுக் கடைக்கு. தோட்டைக் கழற்றுவதற்கு முன்னால் பிரதேச செயலகத்துக்குப் போங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இலங்கையின் ஜனாதிபதி நிதியம் 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, புற்றுநோய் போன்ற பெரிய சிகிச்சைகளின் செலவில் ஒரு பகுதியை, வருமானம் குறைந்தவர்களுக்கு அது கொடுக்கிறது. முன்பு இதற்காகக் கொழும்புக்கு அலைய வேண்டும். பஸ் காசும் போய், அன்றைய பேரும் (நாள் சம்பளமும்) போய்விடும். 2025 பெப்ரவரி 7 முதல் உங்கள் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். நுவரெலியா மாவட்டத்தில் தலவாக்கலை, நோர்வூட் போன்ற இடங்களுக்கும் தனிச் செயலகங்கள் வந்திருப்பதால் தூரம் இன்னும் குறைவு.

படி 1: டாக்டரிடம் கேளுங்கள்

சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்று சொன்ன அன்றைக்கே கேட்டுவிடுங்கள். "ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறோம், படிவத்தில் வைத்தியர் பகுதியை நிரப்பித் தர முடியுமா?" இவ்வளவு போதும். சிகிச்சை தரும் விசேட வைத்தியரே அதில் கையெழுத்து வைக்க வேண்டும். செலவு எவ்வளவு என்று ஆஸ்பத்திரியோ, பொருளை விற்கும் நிறுவனமோ தரும் எழுத்து மூலமான மதிப்பீட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், பரிசோதனை அறிக்கைகள் எல்லாவற்றையும் போட்டோ கொப்பி எடுத்து வையுங்கள். மூலப் பிரதியை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

சிகிச்சை முடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருக்க வேண்டாம். விண்ணப்பம் முதலில் போகட்டும்.

படி 2: பெயரைச் சரிபாருங்கள்

நம் ஆட்களின் விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்தின் வேலைப் பதிவான செக்ரோலில் இன்னொன்று, கிளினிக் கொப்பியில் தாதி காதில் விழுந்தபடி மூன்றாவது ஒன்று. அப்பாவின் பெயர் முன்னாலும் பின்னாலும் மாறிக் கிடக்கும். செயலகத்தில் இருப்பவருக்கு இது ஒரே ஆள்தானா என்று எப்படித் தெரியும்?

அதனால் ஒரு மாலை உட்கார்ந்து, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிளினிக் கொப்பியில் பிழை இருந்தால் அடுத்த கிளினிக் நாளிலேயே அடையாள அட்டையைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். பெரிய வித்தியாசம் என்றால், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியிருக்கும். பக்கத்தில் இருக்கும் சமாதான நீதவானிடம் போகலாம்.

முகவரியும் அப்படித்தான். ஒரு டிவிஷனுக்கே ஒரே முகவரி இருந்தால் கடிதம் தோட்ட ஆபீஸ் மேசையிலேயே தங்கிவிடும். லயத்து இலக்கத்தையும் டிவிஷன் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். எப்போதும் எடுக்கக்கூடிய போன் இலக்கம் ஒன்றையும் கொடுங்கள்.

படி 3: வருமானம்

சம்பளத் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டு கிராம சேவகரிடம் போய் வருமானத்தை உறுதிப்படுத்துங்கள். கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகன் அனுப்பும் காசு இருந்தால் அதையும் சொல்லுங்கள். மறைத்தால் பிறகு கேள்வி வரும்.

படி 4: ஒப்படைப்பது

எல்லாவற்றையும் பிரதேச செயலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு இலக்கமோ கையெழுத்தோ கேட்டு வாங்குங்கள். கேட்பதில் தயக்கமே வேண்டாம். படிவத்தை முதலில் வாங்கும்போதே தமிழில் கேளுங்கள், தமிழிலேயே நிரப்புங்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. சிங்களப் படிவத்தில் விளங்காமல் கையெழுத்து வைத்துவிட்டு வரும் அம்மாமாரைப் பார்க்கும்போது மனம் தாங்கவில்லை.

காத்திருக்கும்போது

இன்னும் சில கதவுகளும் இருக்கின்றன. தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்பவருக்கு, ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) தவிர, நிர்வாகம் சம்பளத்தில் 3 சதவீதத்துக்குச் சமமான தொகையைத் தன் கையிலிருந்து ஈ.டி.எப்.புக்கும் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம்) கட்டுகிறது. வேலையை விடும்போது கிடைக்கும் காசு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்ணுக்கு வைக்கும் வில்லை ஆகியவற்றுக்கும் அங்கே உதவி உண்டு. பில்களைப் பத்திரமாக வையுங்கள். தோட்ட ஆபீஸில் அங்கத்தவர் இலக்கத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்தில் விண்ணப்பித்தால் இரண்டு இடத்திலும் அதைச் சொல்லிவிடுங்கள்.

நோயாளி பள்ளிக்கூடப் பிள்ளை என்றால், மாணவர்களுக்காக 2017இல் தொடங்கிய சுரக்ஷா காப்புறுதியைப் பற்றி அதிபரிடம் விசாரியுங்கள். அதற்கான கட்டணம் அரசாங்கத்தின் பொறுப்பு.

சிறுநீரக நோயாளி வீட்டில் இருந்தால் அவர்களுக்கு அரசாங்கம் தரும் மாதக் கொடுப்பனவுக்கும் பிரதேச செயலகத்திலேயே கேட்கலாம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாகக் கூட்டப்பட்டது. அது மாதாமாதம் வருவது. சத்திரசிகிச்சைக்கான உதவி வேறு.

அப்புறம், சத்திரசிகிச்சைத் திகதி முன்னாலோ பின்னாலோ மாறினால் உடனே செயலகத்துக்குத் தெரிவியுங்கள். போனில் சொன்னாலும், புதிய திகதி உள்ள துண்டின் கொப்பியைக் கொண்டுபோய் உங்கள் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.